நான்கு பேர் அறை: சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் பணியிட நலனும் பொது விழுமியங்களும்

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறை ஒன்றுக்குள் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு வெடி விபத்துக்குப் பின்னரும் அதிகாரிகளின் அறிக்கையில் ஏறக்குறைய ஒரே வாசகங்கள் இடம்பெறுகின்றன: அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைவிடக் கூடுதலான ஆட்கள், அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலான மருந்து, அறைக்கு வெளியே மரத்தடியில் நடந்த வேலை, உரிமம் பெற்றவர் ஒருவர், ஆலையை நடத்தியவர் வேறொருவர்.

பணியிட நலன் என்ற சொல் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பொருளைத் தருகிறது. அங்கே மன அழுத்தத்துக்கான ஆலோசனையும், வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதியும் அதன்கீழ் வருகின்றன. வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் அச்சொல்லுக்குப் பொருள் மிக எளியது. ஐந்தாவது ஆளாக அந்த அறைக்குள் போகச் சொன்னால், ‘போக மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு அன்றைய கூலியோடு வீடு திரும்ப ஒரு பெண்ணால் முடியுமா என்பதுதான் அது. அந்தப் பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் விடை இன்னும் கடினமாகிறது. ஏன் கடினமாகிறது, சட்டம் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது, களத்தில் இருப்போரும் மாணவர்களும் எதைக் கையில் எடுக்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

தொழிலும் நிலமும்

1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது இன்றைய விருதுநகர் மாவட்டம். மழை குறைந்த கரிசல் பூமி. வேளாண்மை ஆண்டு முழுவதும் சோறு போடாத இந்த நிலத்தில், 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அத்தொழிலை ஊன்றினர். பட்டாசும் அச்சும் பின்தொடர்ந்தன. இன்று நாட்டின் பட்டாசு உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்திலிருந்தே செல்கிறது. வறண்ட காற்று பட்டாசுக்கு உகந்தது. வறண்ட நிலம் மலிவான உழைப்பைத் தந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே ‘குட்டி ஜப்பான்’ எழுந்தது.

ஆலைகள் மூன்று வகை உரிமங்களின்கீழ் இயங்குகின்றன. நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு வழங்குவதை ‘நாக்பூர் உரிமம்’ என்றும், அதன் சென்னை அலுவலகம் வழங்குவதைச் ‘சென்னை உரிமம்’ என்றும், மாவட்ட நிருவாகம் வழங்குவதை ‘டி.ஆர்.ஓ. உரிமம்’ என்றும் மக்கள் அழைக்கின்றனர். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் இவற்றை ஆள்கின்றன. உரிமத்தின் வகையைப் பொறுத்தே கையாளத்தக்க மருந்தின் அளவு மாறும். பேன்சி ரகம் செய்ய அனுமதி இல்லாத ஆலையில் பேன்சி ரகம் செய்யப்படுவது இங்கே அடிக்கடி வெளிப்படும் மீறல்.

நாள்களின் வரிசை

1991 ஜூலையில் மீனம்பட்டி ஆலை வெடித்தபோது இறந்தவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் 38 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிப்பைக் கேட்டு உதவிக்கு ஓடி வந்த அக்கம்பக்கத்து மக்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கல்லூரிக் கட்டணத்துக்காக வேலைக்கு வந்த மாணவி ஒருவரும், கருவுற்றிருந்த பெண் ஒருவரும் அவர்களுள் இருந்ததை அப்போதைய செய்திகள் பதிவு செய்தன. 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையம், 2024 பிப்ரவரி 17 அன்று இராமுத்தேவன்பட்டி, அதே ஆண்டு மே 9 அன்று செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி. இவை பெரிய எண்ணிக்கையால் மாநிலச் செய்தியானவை. ஒருவர், இருவர் என இறந்த விபத்துகள் உள்ளூர்ப் பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன.

அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு எனத் தீர்ப்பாயம் நிர்ணயித்தது. ஓர் உயிருக்குச் சட்டப்படி என்ன கணக்கு என்ற கேள்வியை அந்த ஆணை பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஆணை வேறு, குடும்பத்தின் கைக்குப் பணம் வந்து சேர்வது வேறு என்பதை இத்தொழிலின் வழக்குகளைக் கையாளும் ஒவ்வொருவரும் அறிவர்.

ஏன் வெடிக்கிறது?

‘உராய்வின் காரணமாக’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும். அது வேதியியலின் விடை. மணி மருந்து உரசினால் பொறி பிறக்கும் என்பது உண்மை. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும் என்பதும் உண்மை. அதனால்தான் அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், மீந்ததை இரவு வைத்திருக்கக் கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், இரும்புக் கருவி கூடாது, பருத்தி ஆடையே அணிய வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் எழுந்தன. இவற்றை அறியாத தொழிலாளி அநேகமாக இல்லை. பாதுகாப்புப் பயிற்சி குறைவு என்பதை மட்டுமே காரணமாகச் சொல்லி முடிப்பது, பழியை இறந்தவர்மேல் ஏற்றும் வழியாகிவிடுகிறது.

தெரிந்தும் மீறல் ஏன் நடக்கிறது? கூலி முறையில் விடை இருக்கிறது. இத்தனை குழாய்க்கு, இத்தனை பெட்டிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி தரப்படும்போது, மெதுவாகச் செய்பவர் குறைவாகப் பெறுகிறார். மீந்த மருந்தை அழித்தால் அதில் போன உழைப்புக்குக் கூலி இல்லை. தீபாவளி நெருங்கும் மாதங்களில் ஒரு நாள் நின்றாலும் இழப்பு பெரிது. ஆக, விதியைப் பின்பற்றுகிற தொழிலாளி தன் சொந்தக் கூலியிலிருந்து அதற்கு விலை கொடுக்கிறார். பாதுகாப்பின் செலவை முதலாளியிடமிருந்து தொழிலாளியின் கைக்கு மாற்றிவிடும் ஏற்பாடு இது.

இரண்டாவது காரணம் உள்குத்தகை. உரிமம் பெற்றவர் அறைகளைப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விடுகிறார். குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்த ஆலையின் எதிர்காலம்மீது அக்கறை இல்லை. அந்தப் பருவத்தின் இலாபமே கணக்கு. ஒரே வேலிக்குள் பல முதலாளிகள் இயங்கும்போது, பக்கத்து அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது இந்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. விபத்துக்குப் பின் ‘இவர் எங்கள் ஆள் அல்லர்’ என்று எல்லோரும் கைகழுவவும் இது வசதி.

மூன்றாவது, சந்தையின் அதிர்ச்சியைத் தாங்குவது யார் என்பது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. காற்றின் தூய்மை வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அந்த மாதங்களில் அடுப்பு எரியாதது யார் வீட்டில் என்பதை டெல்லியின் விவாதம் கேட்கவில்லை. வேலை இழந்தவர்களுள் ஒரு பகுதியினர், உரிமமே இல்லாத வீட்டுத் தயாரிப்பின் பக்கம் தள்ளப்பட்டனர். அங்கே நான்கு பேர் என்ற விதியும் இல்லை.

சாதி எங்கே நிற்கிறது?

சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பாளர்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதினார். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதோர் அனுமதிக்கப்படவில்லை. நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கூலி கூடுதலான பிரிவு அது. தொழிற்சங்கங்களும் அந்தப் பாகுபாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசியபோது, பார்ப்பனியம், முதலாளியம் ஆகிய இரண்டையும் தொழிலாளர்களின் பகைகளாக அவர் அடையாளம் காட்டியதன் பின்னணி இதுதான்.

சிவகாசி வட்டாரத்தின் படிநிலை வேறு வடிவம் கொண்டது. பல சாதியினரும் ஒரே வேனில் வருகிறார்கள், ஒரே வேலிக்குள் வேலை செய்கிறார்கள். இதைக் காட்டி ‘ஆலைக்குள் சாதி இல்லை’ என்று சொல்பவர் உண்டு. நாங்கள் மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்கிறோம். உரிமம் யாரிடம் இருக்கிறது? போர்மேன், ஏஜென்ட், கணக்குப்பிள்ளை ஆகியோர் யார்? மருந்து அறைக்குள் யார், பெட்டி ஒட்டும் கொட்டகையில் யார்? இம்மூன்றையும் ஓர் ஊரில் விசாரித்து எழுதினால் படம் தெளிவாகும். அதைச் செய்யாமல் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்வது வெறும் நம்பிக்கை.

இன்னொரு வரலாற்றையும் நினைவில் நிறுத்த வேண்டும். 1899இல் சிவகாசியில் நடந்த கலவரமும், 1908இல் பிரிவி கவுன்சில் வரை சென்று தோற்ற கமுதிக் கோயில் வழக்கும், கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார் சமூகத்தின் போராட்ட வரலாறு. விலக்கப்பட்டதன் வலியை அறிந்த ஒரு சமூகம் கல்வியாலும் கூட்டுறவாலும் வணிகத்தாலும் எழுந்து நின்றது. பொது விழுமியம் என்று இந்த மண்ணில் ஒன்றைத் தேடினால் அதற்கான வேர் அங்கேயே இருக்கிறது. தனக்கு மறுக்கப்பட்ட மரியாதையைத் தன் ஆலையில் பிறருக்கு உறுதிசெய்வதே அந்த வரலாற்றுக்கு உண்மையாக இருப்பது.

ஆலைக்குள் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)இன் (ஆர்), (எஸ்) உட்பிரிவுகள் பொருந்தும். ஆனால் ‘பொதுமக்கள் பார்வையில்’ நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், பொதுமக்கள் யாரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நடந்தது இதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே சம்பவத்தை நேரில் கேட்ட சாட்சிகள் யார், எந்த இடத்தில், திறந்த வெளியிலா அறைக்குள்ளா என்பதை அன்றே எழுதி வைப்பது வழக்கின் உயிர்நாடி. வேலைக்கு எடுக்க மறுத்து ஊரே ஒதுக்கினால், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் (இசட்.சி) உட்பிரிவு இருக்கிறது.

முன்பணம் என்னும் கயிறு

தீபாவளிக்கோ, பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கோ, மருத்துவத்துக்கோ வாங்கும் முன்பணம் தொழிலாளியை ஒரே ஆலையோடு கட்டிவிடுகிறது. கணக்கு முடியும் வரை வேறிடம் போக முடியாது என்ற நிலை வந்தால், அது வெறும் கடன் அன்று. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதைப் பார்க்கிறது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலி நாள் கணக்கில் மட்டும் நிர்ணயிக்கப்பட்டிருந்தால், எண்ணிக்கைக் கூலிக்காரருக்கும் அந்தத் தொகைக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த விதி. மெதுவாகவும் பாதுகாப்பாகவும் வேலை செய்யும் உரிமைக்கு அடித்தளம் இந்த விதியில்தான் இருக்கிறது. அதைப் பாதுகாப்புச் சட்டமாகவே நாம் படிக்க வேண்டும்.

பொது விழுமியத்துக்கு ஐந்து சோதனைகள்

சுவரில் எழுதிய வாசகங்களால் ஆலையின் விழுமியங்களை அறிய முடியாது. கீழ்க்கண்ட ஐந்தைக் கேட்டால் அறியலாம்.

1. நிறுத்தும் உரிமை: ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்திய தொழிலாளிக்கு அன்றைய கூலி கிடைத்ததா?

2. எண்ணிக்கை தெரிதல்: ஒவ்வோர் அறையின் கதவிலும் ஆட்களின் உச்ச எண்ணிக்கையும் மருந்தின் உச்ச அளவும் தமிழில் எழுதப்பட்டிருக்கிறதா?

3. கணக்கு தெரிதல்: கூலிச் சீட்டும், இ.எஸ்.ஐ. எண்ணும், முன்பணக் கணக்கின் நகலும் தொழிலாளியின் கையில் இருக்கின்றனவா?

4. பெண்களின் பாதுகாப்பு: பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஆலையில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறதா? சிறிய ஆலைப் பெண்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம் என்பது தெரியுமா?

5. குரல்: பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் சார்பில் அமர்வோர் தொழிலாளரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களா? அதில் தலித் பெண்கள் இருக்கிறார்களா?

ஐந்தாவது சோதனை ஆடம்பரக் கோரிக்கை அன்று. 1984 போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோதே, ஆபத்தான செய்முறை உள்ள ஆலைகளில் தொழிலாளரும் நிருவாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் பாதுகாப்புக் குழுவையும், உடனடி ஆபத்தை நிருவாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையையும் கொண்டுள்ளன. உயிருக்கு ஆபத்தான தொழில் என ஒன்றிய அரசு அறிவிக்கை செய்தால், ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்ற வழியும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. சிறிய பட்டாசு ஆலைகள் அனைத்தையும் அதன்கீழ் கொண்டுவர வேண்டும் என்பது நம் கோரிக்கைகளுள் முதன்மையானதாக இருக்க வேண்டும்.

விபத்துக்குப் பின்: குடும்பம் அறிய வேண்டியவை

துக்க வீட்டுக்கு ஆலைத் தரப்பு பணத்தோடு வருவதும், ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதும் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி. அந்தத் தாளைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. இறப்புக்கான இழப்பீட்டை உரிய அதிகாரியிடம் செலுத்தினால்தான் அது சட்டப்படியான செலுத்துகை என்பது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் பிரிவு 8 வகுத்த நெறி. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது என்றது பிரிவு 17. ஒப்பந்ததாரரின் ஆளானாலும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்றது பிரிவு 12; உள்குத்தகை என்ற சாக்கை உடைப்பது இதுவே. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தகுந்த காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை தண்டத் தொகையும் உண்டு. புதிய தொகுப்பில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. விபத்து நடந்த நாளைப் பொறுத்து எந்தச் சட்டம் என்பதை வழக்குரைஞரிடம் உறுதிசெய்துகொள்க. காலவரம்பு உண்டு என்பதால் தாமதம் ஆகாது.

இறந்தவர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருபவராயின் வழி வேறு. அப்போது சார்ந்தோர் பயனாக, சராசரி தினக்கூலியின் 90 விழுக்காடு அளவிலான தொகை குடும்பத்தாரிடையே ஓய்வூதியம்போல் பகிர்ந்தளிக்கப்படும். முதலாளி சந்தா கட்டவில்லை என்பதற்காக அந்த உரிமை அற்றுப்போவதில்லை. கழகம் தந்துவிட்டு அவரிடம் வசூலிக்கலாம். முதலமைச்சரின் நிவாரண நிதி இவை எல்லாவற்றிலிருந்தும் தனியானது. அது அரசின் ஆறுதல். முதலாளியின் கடனை அது தீர்க்காது. விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை அரசு ஏற்கும் என 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவிக்கப்பட்டு, அதற்கென 5 கோடி ரூபாய் நிதியம் ஒதுக்கப்பட்டது. அதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுச் செய்க.

திரட்ட வேண்டிய ஆவணங்கள்: முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வுச் சான்று, இறப்பு மற்றும் வாரிசுச் சான்றுகள், கூலியைக் காட்டும் ஏதேனும் ஒரு சான்று. சீட்டு இல்லாவிடில், கூட வேலை செய்தவரின் வாக்குமூலம், வேன் ஓட்டுநரின் வாக்குமூலம், கைப்பேசிக்கு வந்த பணப் பரிமாற்றச் செய்தி ஆகியவை பயன்படும். பட்டியல் சாதியினர், பெண்கள், தொழிற்பேரழிவில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12இன்படி இலவச சட்ட உதவி உண்டு. திருவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மாணவர்களுக்கும் களத்தோழர்களுக்கும்

விபத்து நடந்த பின் ஓடுவதைவிட, நடக்காத நாள்களில் செய்யும் வேலை பெரிது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, எத்தனை பேர் எந்த ஆலைக்குப் போகிறார்கள், இ.எஸ்.ஐ. எண் யாரிடம் இருக்கிறது, தமிழ்நாடு அரசின் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவானவர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆய்வு அறிக்கைகளையும், உரிம இடைநீக்க ஆணைகளையும், இழப்பீட்டு ஆணைகள் நிறைவேறிய விவரத்தையும் கேட்டுப் பெறலாம். விடுமுறையில் ஆலைக்குப் போகும் கல்லூரித் தோழர், தோழியரின் பெயர் கூலிப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று கேட்கலாம். பதிவேட்டில் இல்லாதவர் இறந்தால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

குழந்தை உழைப்பு இங்கே எப்படிக் குறைந்தது என்பதையும் மறக்க வேண்டாம். எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டும் என்றது. தீர்ப்பும், பள்ளியும், சத்துணவும், களத்தில் நின்றோரின் ஓயாத கண்காணிப்பும் சேர்ந்தே நிலையை மாற்றின. ‘இந்தத் தொழில் இப்படித்தான்’ என்று அன்றும் சொன்னார்கள். மாற்ற முடிந்தது.

இன்று கேட்பது அதைவிடச் சிறியது. அறையில் நான்கு பேர் என்றால் நான்கு பேர். ஐந்தாவதாக அழைக்கப்படும் பெண் மறுத்தால், அவருக்கு அன்றைய கூலியும் மறுநாள் வேலையும் உறுதி. எந்த ஆலையில் இது நடக்கிறதோ அந்த ஆலையில் பணியிட நலன் இருக்கிறது என்று நாம் எழுதலாம்.